கிரீன் ரிவர் கனூ ட்ரிப் பேக்கேஜ்: பணம் கட்டறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன், குறிப்பா டென்வர், சால்ட் லேக், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு. யூட்டாவுல கிரீன் ரிவர்ல கனூ விட்டுட்டு, ராத்திரி ஆத்தங்கரையிலயே டெண்ட் போட்டுத் தங்கி, கடைசியில ஜெட் போட்ல திரும்பி வர்ற பேக்கேஜ்னு ஒருத்தர் வாட்ஸப் குரூப்புகள்ல வித்துக்கிட்டு இருக்காரு. தமிழ்ல நல்லா பேசுவாரு, வாய் நெறைய தங்கச்சி, தம்பின்னுதான் கூப்பிடுவாரு. புகார் குடுத்திருக்கோம், அது இன்னும் முடியல, அதனால பேரு போடல. ஆனா எப்படி ஏமாத்தினாருங்கறத ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே வேலைய வேற யாரும் வேற பேர்ல செய்யலாம்.

அந்த ஆறு எப்படின்னு தெரிஞ்சாத்தான் இவரு செஞ்சது எவ்ளோ ஆபத்தான காரியம்னு புரியும். கிரீன் ரிவர்ங்கற சின்ன ஊர்ல ஸ்டேட் பார்க்ல இருந்து கனூவ எறக்கினா மினரல் பாட்டம்ங்கற எடம் வரைக்கும் 68 மைல், இதுக்குப் பேரு லேபிரிந்த் கேன்யன். அதுக்கு அப்புறம் கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க் எல்லை வருது, மினரல் பாட்டம்ல இருந்து கொலராடோ ஆத்துல போய்ச் சேர்ற வரைக்கும் இன்னொரு 52 மைல், அது ஸ்டில்வாட்டர் கேன்யன். இந்த ரெண்டு கேன்யனோட பேரும் 1869ல ஜான் வெஸ்லி பவல்ங்கற ஆராய்ச்சியாளர் படகுல போனப்ப வச்சது. தண்ணி மெதுவாத்தான் போகும், பாறையில மோதற வேகமெல்லாம் கெடையாது, பசங்களக் கூட்டிட்டுப் போறவங்களும் உண்டு. ஆனா அந்த ரெண்டு ஆறும் சேர்ற எடத்துக்குக் காரு போற ரோடே கெடையாது. அதுக்குக் கீழ ஒரு நாலு மைல் போனா ஸ்பானிஷ் பாட்டம்னு ஒரு மணல் கரை, அங்கதான் ஜெட் போட் வந்து ஏத்திக்கிட்டு கொலராடோ ஆத்துல எதிர்த்து மேல மோவாப் பக்கம் கொண்டு வரும். அந்தக் கரையத் தாண்டினா கேட்டராக்ட் கேன்யன், அது பெரிய ராஃப்ட்ல அனுபவம் உள்ளவங்க போற எடம், சாதாரண கனூ கவுந்துரும். அதாவது அந்த ஜெட் போட் புக் ஆகலன்னா நீங்க பாலைவனத்து நடுவுல, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஃபோன் சிக்னல் இல்லாம, பசங்களோட மாட்டிக்குவீங்க.

எங்களுக்கு அவரு அந்த ஜெட் போட்ட புக் பண்ணவே இல்ல. பணம் மட்டும் தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டாரு.

மூணு குடும்பம் சேர்ந்து போனோம், செப்டம்பர்ல, வெயில் கொஞ்சம் தணிஞ்சு மணல் திட்டெல்லாம் வெளிய தெரியற நேரம். பேக்கேஜ்ல கனூ, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், வாட்டர் ஃபில்டர், சாட்டிலைட் ஃபோன், டாய்லெட் பெட்டி, மணல்ல படாம நெருப்பு மூட்டற தட்டு (ஃபயர் பேன்), பெர்மிட், ஜெட் போட், கடைசியில காரு நிக்கற எடத்துக்கு வேன்னு எல்லாமே எழுதியே குடுத்திருந்தாரு. பெர்மிட் கட்டணம்னு தனியா ஒரு தொகை வேற. நான் ஃபோன்ல கேட்டேன், "அண்ணே, பெர்மிட்ல என் வீட்டுக்காரர் பேரு இருக்கே, அதுவும் லேபிரிந்த்னுதான் போட்டிருக்கு, பார்க்குக்குள்ள போறதுக்கு வேற வேணாமா"ன்னு. அதுக்கு அவரு, "அதுல இண்டர் ஏஜென்சின்னு போட்டிருக்கு பாருமா, எல்லா டிபார்ட்மெண்டும் சேர்ந்து குடுக்கறது, ரெண்டுக்கும் இதுவே போதும், வருஷா வருஷம் இப்படித்தான் அனுப்பறேன்"ன்னு அடிச்சு சொன்னாரு.

அது பச்சைப் பொய். அந்த பெர்மிட் பி.எல்.எம்.ங்கற மத்திய அரசோட நில நிர்வாக ஆபீசும் யூட்டா மாநிலமும் சேர்ந்து லேபிரிந்த் பகுதிக்கு மட்டும் குடுக்கறது, அதனாலதான் அந்த வார்த்தை அதுல இருக்கு. அதுக்குக் கட்டணமே கெடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம். நேஷனல் பார்க்குக்குள்ள போறதுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் சைட்ல காசு கட்டி வேற பெர்மிட் எடுக்கணும். ஃப்ரீயா கெடைக்கறத எங்ககிட்ட தலைக்குக் காசு வாங்கி வித்துட்டு, காசு கட்டி எடுக்க வேண்டியத எடுக்கவே இல்ல.

கெளம்பற அன்னைக்குக் காலையில ஒரு பையன் பிக்கப்ல சாமானெல்லாம் கொண்டு வந்து எறக்கினான். பாவம் அவனுக்கு எதுவும் தெரியல, டெலிவரிக்கு மட்டும் வந்தவன். லைஃப் ஜாக்கெட்ட ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தோம், சின்னதுன்னு குடுத்தது எங்க பொண்ணுக்குத் தோள் வழியா அப்படியே மேல உருவிட்டு வருது, இன்னொண்ணுல பக்கிள் ஒடஞ்சு யாரோ ஷூ லேஸ் கட்டி வச்சிருந்தாங்க. யூட்டாவுல 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்க படகுல லைஃப் ஜாக்கெட் போட்டே இருக்கணும்னு சட்டமே இருக்கு. ஃபோன் பண்ணினா எடுக்கல. என் வீட்டுக்காரரு ஊருக்குள்ள போய் வேற ஒரு கடையில நல்லதா வாடகைக்கு எடுத்துட்டு வந்தாரு, அந்தக் கடைக்காரங்க எவ்ளோ பொறுமையா பசங்க எடை கேட்டு, தோள்பட்டையப் புடிச்சு மேல இழுத்துப் பாத்துக் குடுத்தாங்கன்னு அவரு வந்து சொன்னாரு. டாய்லெட் பெட்டி, ஃபில்டர், ஃபோன் எல்லாம் சீல் பண்ணின பெட்டியில இருந்துச்சு, எல்லாம் புதுசா பேக் பண்ணினதுன்னு மேல ஒரு சீட்டு வேற ஒட்டியிருந்தாரு.

அந்தப் பெட்டியோட லட்சணம் மொத நாள் கேம்ப்ல தெரிஞ்சுது. உள்ள ஒரு பெயிண்ட் பக்கெட்டும் சாதாரண கருப்புக் குப்பை கவரும் இருந்துச்சு, அவ்ளோதான். இந்த ஆத்துல மனுஷக் கழிவ மண்ணுல பொதைக்கக் கூடாது, மொத்தத்தையும் நாமளே எடுத்துட்டு வரணும். அதுக்குக் கழுவற மாதிரி மூடி இறுக்கமான டாய்லெட் பெட்டி, இல்லன்னா அதுக்குன்னே விக்கற வேக் பேக் வேணும், குப்பை கவர்ல கட்டிக் கொண்டு வரக் கூடாது. மழையே அதிகம் இல்லாத மண்ணு, எதுவும் மக்காது, கேம்ப் போடற எடமும் கொஞ்சந்தான், எல்லாரும் மாத்தி மாத்தித் தங்கறது அதே மணல்லதான். மூணு குடும்பம், பொம்பளப் பசங்க வேற, அந்தக் கவர நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு டேப் சுத்தி ஒரு ட்ரை பேக்ல அடைச்சு, வெயில்ல கனூ முன்னாடி வச்சுத் தூக்கிட்டு வந்தோம், அந்த நாத்தத்தப் பத்தி இதுக்கு மேல எழுத வேணாம். ஃபயர் பேனும் இல்ல, அதனால வெறகு அடுப்பு எரிக்க முடியல, நல்லவேளை சின்ன கேஸ் அடுப்பு எங்களோடது ஒண்ணு இருந்துச்சு.

ஃபில்டர் கதை இன்னும் மோசம். கிரீன் ரிவர்னு பேரு இருந்தாலும் தண்ணி காபி மாதிரி இருக்கும், அவ்ளோ வண்டல். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணி வேணும்னு எல்லா அரசாங்க சைட்லயும் போட்டிருக்கு. இவரு, "தண்ணி சுமக்காதீங்க தம்பி, கனூ கனமாயிரும், பெரிய ஃபில்டர் தர்றேன்"னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தாரு, எழுதியும் குடுத்தாரு. வந்தது கைக்குள்ள அடங்கற ஒரு ஃபில்டர், அரை பாட்டில் எறங்கறதுக்குள்ள அடைச்சுக்கிச்சு, திருப்பி அலசினா இன்னொரு அரை பாட்டில், அப்புறம் சுத்தமா நின்னு போச்சு. நாங்க எங்க திருப்திக்குன்னு கொண்டு போன தண்ணிதான் பசங்களக் காப்பாத்துச்சு. ரெண்டாவது கேம்ப்ல பக்கத்து மணல் திட்டுல ஒரு வயசான அமெரிக்கத் தம்பதி தங்கியிருந்தாங்க, அவங்க ஒரு சின்ன டப்பாவுல வெள்ளைப் பொடி குடுத்தாங்க, பாத்தா நம்ம படிகாரம். பக்கெட்ல ஆத்துத் தண்ணிய மொண்டு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி ராத்திரி முழுக்க வச்சா காலையில அடியில ரெண்டு விரக்கடைக்கு சேறு படிஞ்சு மேல தெளிஞ்சு நிக்குது. அதை மெதுவா வேற பாத்திரத்துல ஊத்திக் கொதிக்க வச்சுக் குடிச்சோம். எங்க பாட்டி ஊர்ல கலங்கல் தண்ணிக்கு இதைத்தான் செய்வாங்க. அந்த ரெண்டு பேருக்கும் நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.

எடத்த நான் கொற சொல்லவே மாட்டேன். போ நாட் பெண்ட்னு ஒரு வளைவு, ஏழு மைலுக்கு மேல ஆறு சுத்திட்டுப் பழையபடி கிட்டத்தட்ட அதே எடத்துக்கு வருது, நடுவுல இருக்கற குறுகலான மேட்டுல ஏறி நின்னா ரெண்டு பக்கமும் அதே ஆறு. ஹெல் ரோரிங் கேன்யன்ல டெனிஸ் ஜூலியன்னு ஒரு தோல் வியாபாரி 1836ல பாறையில செதுக்கின பேரும் ஒரு படகுப் படமும் இருக்கு. இப்படி ஒரு எடத்துக்குப் பசங்களக் கூட்டிட்டுப் போய், ராத்திரி எல்லாம் தண்ணி எவ்ளோ மிச்சம்னு கணக்குப் போட்டுக்கிட்டு உக்கார வச்சாரேங்கறதுதான் எனக்கு ஆறவே இல்ல.

சாட்டிலைட் ஃபோன ஆன் பண்ணினா சர்வீஸ் இல்லன்னு வருது. சிக்னல் பிரச்சினைன்னு நெனச்சு வானம் திறந்த எடத்துல, மேட்டு மேலன்னு எல்லா எடத்துலயும் வச்சுப் பாத்தோம். அப்புறம்தான் எங்க கூட வந்த நண்பர் செட்டிங்ஸ்ல பாத்து சொன்னாரு, சந்தா முடிஞ்சு போன ஃபோன் இது, எங்க நின்னாலும் பேச முடியாதுன்னு. மத்ததெல்லாம் காசு விஷயம்னு கூட விட்டுருவேன், இத மட்டும் மன்னிக்க மாட்டேன், ஏன்னா மேல எங்கயோ மழை பேஞ்சு பக்கக் கேன்யன்ல திடீர் வெள்ளம் வர்ற ஊரு அது, யாருக்காவது கை கால் ஒடஞ்சாலும் கூப்பிட அது ஒண்ணுதான் வழி.

மினரல் பாட்டம்ல கரையேறி நின்னப்ப ஒரு பார்க் ரேஞ்சர் இருந்தாங்க, பெர்மிட் கேட்டாங்க. காட்டினோம். இது இங்கயே முடியுது, இதுக்குக் கீழ போக முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நடந்தத எல்லாம் சொன்னதும் உக்கார வச்சுப் பொறுமையா கேட்டாங்க, கோபமே படல. அவங்க சொன்னதுதான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பிரைவேட் ட்ரிப் பெர்மிட்ல போறவங்க செலவ பங்கு போட்டுக்கலாமே தவிர யாரும் அதுல லாபம் பாக்கக் கூடாது, காசு வாங்கிட்டு ட்ரிப் நடத்தறவங்க அதுக்குன்னு தனியா கமர்ஷியல் அனுமதி வாங்கியிருக்கணும், அனுமதி உள்ளவங்க லிஸ்ட் பார்க் சைட்லயே இருக்கு. எங்க ஆளு அந்த லிஸ்ட்லயே இல்ல. பெர்மிட் என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கறதால விதிமீறலுக்கு அவருதான் பதில் சொல்லணும், விக்கறவரு பேரு எந்தப் பேப்பர்லயும் வராது. எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கிட்டு எங்கள எச்சரிக்கையோட விட்டாங்க.

கனூவ மட்டும் வாடகைக்கு எடுத்துட்டு நாமளே போறதுல தப்பே இல்ல, அப்பவும் பெர்மிட் நம்ம பேர்லதான் இருக்கும், நெறையப் பேர் அப்படித்தான் போறாங்க. நல்ல வாடகைக் கடைக்காரங்க பெர்மிட்ட நம்மளயே எடுக்கச் சொல்லுவாங்க, எந்த சைட், எந்தப் பகுதின்னு வழியும் காட்டுவாங்க.

மினரல் பாட்டம்ல இருந்து வெளிய வர்றது அடுத்த பாடு. தண்ணிக் கொழாய் கெடையாது, சிக்னல் கெடையாது, பாறையில கொண்டை ஊசி வளைவா ஏறற மண் ரோடு, மழை பேஞ்சா வண்டியே ஏறாது. 2010 ஆகஸ்ட்ல வெள்ளத்துல அந்த ரோடே அடிச்சுட்டுப் போய் மாசக்கணக்குல மூடிக் கெடந்துச்சு. வேற ஒரு கம்பெனி வேன் அவங்க ஆளுங்கள ஏத்திக்க வந்திருந்துச்சு, ரேஞ்சர் பேசினதால அந்த டிரைவர் அவங்க ஆபீஸ்ல கேட்டு எங்களையும் கனூவையும் ஏத்திக்கிட்டாரு. அதுக்கும் காசுதான், ஆனா நியாயமான காசு.

சிக்னல் வந்ததும் மொத வேலையா ஜெட் போட் ஓட்டறவங்களுக்கு ஃபோன் பண்ணினேன், எங்க யாரு பேர்லயும், அந்த ஆளு பேர்லயும் அந்தத் தேதியில புக்கிங்கே இல்ல. அப்புறம் அவரக் கூப்பிட்டேன். "தங்கச்சி, நீங்க பாதியிலயே கரையேறிட்டீங்க, நான் எப்படி ரீஃபண்ட் தர்றது, நோ ஷோ சார்ஜ் எனக்குத்தான் விழுந்திருக்கு"ன்னாரு. புக்கிங் நம்பர் குடுங்கண்ணேன்னு கேட்டேன், ஃபோன வச்சுட்டாரு, அடுத்த நாள் எங்க எல்லாரையும் குரூப்ல இருந்து எடுத்துட்டாரு. கிரெடிட் கார்டுல கட்டின அட்வான்ஸ கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டு வாங்கிட்டோம், அவரு எழுதிக் குடுத்த லிஸ்ட்டும் ஃபோட்டோவும் அதுக்கு ரொம்ப ஒதவுச்சு. மிச்சத்த டிஸ்கவுண்ட் தர்றேன்னு சொல்லி பேங்க் டிரான்ஸ்ஃபர்ல வாங்கியிருந்தாரு, அது திரும்பி வரல. யாராவது கார்டு வேணாம், டிரான்ஸ்ஃபர் பண்ணினா கொறைச்சுக்கறேன்னு சொன்னா அங்கயே நிறுத்திருங்க.

இப்ப அவரு வேற பேர்ல குரூப் ஆரம்பிச்சு அடுத்த சீசனுக்கு ஆள் சேக்கறாருன்னு ஒரு ஃப்ரெண்ட் மூலமா கேள்விப்பட்டேன், ஃப்ளையர்ல இருக்கறது எங்க போ நாட் பெண்ட் ஃபோட்டோ. யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தா இன்னைக்கே ஜெட் போட் கம்பெனிக்கு நேரா ஃபோன் போட்டு உங்க தேதியில உங்க பேரு இருக்கான்னு கேளுங்க, பார்க் பெர்மிட் ஆபீஸ்ல ஸ்டில்வாட்டருக்கு உங்க பேர்ல பெர்மிட் இருக்கான்னு கேளுங்க. ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் கார்டு டிஸ்ப்யூட் போடறதுக்குக் கெடு இருக்கு, அது தாண்டறதுக்குள்ள போட்டுருங்க. எங்க புகாரோட உங்களோடதையும் சேக்கணும்னா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்றேன்.