மாஸ்க் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த எட்டு வாரம்

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் குறுகி மூச்சுத் திணறவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வந்து ஆறு வருஷம். பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவனை, மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு பயிற்சி சைக்கிள் மிதிக்கச் சொன்னால்? முதல் நாள் பாதியிலேயே கழற்றிவிட்டேன். மாஸ்க் பெரிது, மூக்கோரம் காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடித்தது. சொல்லியும் மாற்றித் தர ஒரு வாரம் ஆக்கினார்கள். அதற்காக இந்த மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன்.

சரியான அளவு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் மூச்சை இழுக்கத் தொடங்கியதும், பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி இயந்திரம் காற்றை அழுத்திக் கொடுக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் செய்வது வேறு. இது மூச்சுத் தசைகளின் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் கால் களைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். இப்போது தொடை வலிக்கும்வரை மிதிக்கிறேன். 0 முதல் 10 வரை திணறல் எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டுக்கொண்டே இருப்பார். எட்டு என்று சொல்லக் கூச்சப்பட்டு ஐந்து என்பேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஆறு நிமிட நடை 240 மீட்டரிலிருந்து 290 ஆனது. நுரையீரல் திறனை ஊதிப் பார்க்கும் சோதனையில் மாற்றமில்லை. அது மாறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம், வாய் ரொம்ப வறண்டுபோகும். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.