முத்து, மாணிக்கம், மரகதம்: மூன்று பெயர்களின் பொருளும் வேரும்

பிள்ளைக்கு மணியின் பெயரைச் சூட்ட விரும்பும் தமிழ்ப் பெற்றோர் முதலில் எண்ணிப் பார்ப்பவை பெரும்பாலும் முத்து, மாணிக்கம், மரகதம் ஆகிய மூன்றாகவே இருக்கும். மூன்றும் நவமணிகளைச் சேர்ந்தவை. மூன்றும் பல தலைமுறைகளாக வழங்கிவருபவை. இவற்றுள் எந்தக் கல்லுக்கு மதிப்பு அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியான வழியன்று. கல்லின் விலை பெயரோடு கூட வருவதில்லை. அந்தச் சொல் மொழிக்குள் எவற்றோடு உறவாடி வாழ்கிறது என்பதுதான் பிள்ளையோடு வாழ்நாள் முழுவதும் வரும்.

அந்த உறவில் முத்துக்கு ஈடு இல்லை. அது மண்ணில் வெட்டியெடுக்கும் கல் அன்று. சிப்பிக்குள் உயிர் ஒன்று அடுக்கடுக்காகச் சுரந்து உருவாக்குவது. பாண்டியரின் கொற்கைத் துறைக்குப் புகழ் தேடித் தந்ததும் அதுவே. ஆனால் சொல் கடலோடு நின்றுவிடவில்லை. மாதுளையைப் பிளந்தால் உள்ளே செக்கச் சிவந்து நிறைந்திருப்பதை மாதுளை முத்து என்கிறோம். ஆமணக்கின் விதை முத்து. அம்மை கண்ட உடலில் எழும் கொப்புளமும் முத்துதான். எனவே முத்துமாரி என்று அம்மனை அழைக்கும்போது அணிகலனை மட்டும் நாம் நினைப்பதில்லை. முத்து என்ற சொல்லுக்கும் வடமொழியின் முக்தாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. எனினும் இத்தனை பொருள்களில் அன்றாடம் புழங்கும் சொல்லை அயலானது என்று எந்தத் தமிழ்க் காதும் உணராது.

பெயராகும்போது அதன் இன்னொரு சிறப்பு தெரிகிறது. முத்துவேல், முத்தையா, முத்துராமன் என ஆணுக்கும், முத்துலட்சுமி, முத்தம்மாள், முத்தழகி எனப் பெண்ணுக்கும் அது முன்னே வந்து இணைந்துகொள்கிறது. எதனோடும் சேராமல் முத்து என்றே நின்றாலும் குறைவில்லை. இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் பெயர் வைத்தீசுவரன்கோயிலில் உறையும் முத்துக்குமாரசுவாமியை ஒட்டி வந்தது. பிற மொழிகளிலும் இந்தப் பொருளில் பெயர்கள் உண்டு. மார்கரெட் என்பது முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் இத்தாலிய வடிவமான மார்கெரிட்டாவின் சுருக்கமே ரீட்டா. ஆகவே ரீட்டாவும் முத்தம்மாளும் பொருளால் ஒரே பெயர்க்காரர்கள்.

மாணிக்கம் வேறு வகை. வடமொழியின் மாணிக்யம் தமிழில் பெற்ற வடிவம் அது. அதன் அடி மணி. பழந்தமிழ்ப் பாடல்களில் மணி என்றால் பெரும்பாலும் நீலமணியையே குறிக்கும். மணிவண்ணன் என்று திருமாலை அழைப்பது அந்த நிறத்தை வைத்துத்தான். அதே அடியிலிருந்து வந்த மாணிக்கமோ சிவப்புக் கல்லுக்கு உரியதாக நிலைத்தது. (வீட்டில் மணி என்று அழைக்கப்படும் சுப்பிரமணியத்தில் மணி எதுவும் இல்லை, அது பிரம்மண்ய என்ற சொல்லின் பகுதி.) மாணிக்கம் என்னும் பெயருக்குப் பெருமை சேர்ப்பவர் மாணிக்கவாசகர். வாதவூரர் எனப்பட்ட அவருடைய சொற்கள் மாணிக்கம் போன்றவை என்பதால் அமைந்த பெயர் அது. சொல்லைக் கல்லோடு ஒப்பிட்டு உயர்த்திய இந்தப் பெயரை எண்ணும்போது, கற்று நன்றாகப் பேச வேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கு மாணிக்கம் மிகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒரு குறையும் உண்டு: தனித்து நிற்கும் மாணிக்கம் வழக்கில் பெரிதும் ஆண்பெயராகவே கேட்கிறது.

முத்தையும் மாணிக்கத்தையும் நேருக்கு நேர் நிறுத்திய காட்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி; தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் அரசன் உயிர் விடுகிறான். ஒரு நாட்டின் நீதி இந்த இரு மணிகளின் வேறுபாட்டில் நின்றது என்பதால், இவற்றை வெறும் அழகுப் பெயர்களாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

மரகதம் மூன்றிலும் தொலைவு பயணித்த சொல். வடமொழியில் மரகதம், கிரேக்கத்தில் ஸ்மராக்டோஸ், பாரசீகத்தில் ஸுமுர்ருத், ஆங்கிலத்தில் எமரால்டு, ஸ்பானிய மொழியில் எஸ்மெரால்டா. எல்லாம் ஒரே சொற்குடும்பம். மின்னுதல் என்ற பொருள் கொண்ட செமித்திய வேர் ஒன்றே இதன் மூலம் எனப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முத்தைப் போல இது வேறு சொற்களோடு எளிதில் கூடுவதில்லை. மரகதவல்லி போன்ற சிலவே உண்டு. இன்று முந்தைய தலைமுறையின் பெயராகவும் ஒலிக்கிறது.

ஆணோ பெண்ணோ, ஒரே பெயரைச் சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் முத்து என்பேன். பெண் குழந்தைக்குத் துணைச்சொல் இல்லாமல் முழுமையாக நிற்கும் பெயர் வேண்டுமென்றால் மரகதத்தைத் திரும்ப எடுத்து வைக்கலாம். அவள் என்றாவது எஸ்மெரால்டா என்ற பெண்ணைச் சந்தித்தால், நம் இருவருக்கும் ஒரே பெயர் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு.