கைக்கு அடங்கும் போனா, கைக்கு எட்டும் விலையா?

சின்ன போன் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்களுக்குப் புதுப் பெட்டியில் கிடைக்கும் போன் இன்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விலை குறைந்த புது போன்கள் எல்லாம் பெரியவை. 2023-ல் வந்த ரெட்மி 13சி-யை எடுத்துக்கொள்ளுங்கள்: 6.74 அங்குலத் திரை, 78 மி.மீ. அகலம், 190 கிராமுக்கு மேல் எடை. அந்த விலைப் பிரிவில் வருபவை பெரும்பாலும் இதே அச்சுதான். கொஞ்சம் சிறிதாகச் செய்யப்படும் புது போன்களோ உச்ச விலையில் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டால் குறைவாக உறுத்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது திரையின் மூலைக்கு மூலை நீளம். திரைகள் ஒல்லியாகவும் உயரமாகவும் மாறிய பிறகு அந்த எண் போனின் உடலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 2011-ல் வந்த முதல் கேலக்ஸி நோட்டின் திரை 5.3 அங்குலம், அகலம் 83 மி.மீ. 2025-ன் கேலக்ஸி எஸ்25-க்குத் திரை 6.2 அங்குலம், ஆனால் அகலம் 70.5 மி.மீ.தான். உயரம் இரண்டுக்கும் 147 மி.மீ. வாக்கில். இன்னொரு ஜோடி: ஆப்பிளின் மலிவு வரிசையான ஐபோன் எஸ்இ-யின் 2022 மாடலுக்கு 4.7 அங்குலத் திரை, ஐபோன் 13 மினிக்கு 5.4. எண்ணைப் பார்த்தால் எஸ்இ சிறியது. அளந்து பார்த்தால் எஸ்இ-யின் அகலம் 67.3 மி.மீ., மினியின் அகலம் 64.2.

கைக்குத் தெரிவது அகலமும் எடையும்தான். உயரம் அதிகமானால் சமாளிக்க மென்பொருளில் வழி இருக்கிறது. ஐபோன் 6 வந்த 2014-லேயே திரையின் மேல்பகுதியைக் கீழே இறக்கும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 12-லும் ஒருகைப் பயன்பாட்டு முறை வந்தது. அகலத்துக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. விரல்கள் சுற்றிப் பிடிக்க முடியாத போனில் கட்டைவிரலை நீட்டும்போதெல்லாம் பிடி தளர்கிறது, போன் விழுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. என் கணக்கில் 68 மி.மீ.க்குள் இருந்தால் நிஜமாகவே சின்ன போன். 72 வரை சமாளிக்கலாம். 75-ஐத் தாண்டினால் இரண்டு கையும் வேண்டும். சிறிய கை உள்ளவர்கள் இதிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய மினியும் பழைய எஸ்இ-யும்

விலையும் அளவும் ஒன்றாகப் பொருந்தி வருவது பழைய போன் சந்தையில்தான். அதில் என் முதல் தேர்வு ஐபோன் 13 மினி. 140 கிராம் வாக்கில் எடை, நல்ல ஓஎல்இடி திரை, இன்றும் தடுமாறாத ஏ15 சிப், குறைந்தபட்சச் சேமிப்பே 128 ஜிபி. ஒரு வருடம் முன்னால் வந்த 12 மினி அளவில் கிட்டத்தட்ட இதேதான், விலையும் இன்னும் குறைவாக இருக்கும். ஆனாலும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் பேட்டரி: 12 மினியின் கொள்ளளவு 2,227 எம்ஏஎச் (எண் கூடினால் மின்சாரம் அதிகம் அடங்கும்), 13 மினியில் சுமார் 2,400. ஒன்றரை மணி நேரம் வரை கூடுதலாக வரும் என்று ஆப்பிளே சொன்னது. இவ்வளவு சின்ன போனில் அந்த ஒன்றரை மணி நேரம் பெரிய வித்தியாசம்.

எஸ்இ 2022-ல் இருப்பதும் ஏ15 சிப்தான். திரை பழைய எல்சிடி, பின்னால் ஒரே கேமரா, பேட்டரி 2,018 எம்ஏஎச். அகலமும் மினியைவிட அதிகம். அப்புறம் ஏன் அதை வாங்க வேண்டும்? விரல்ரேகை பதிக்கும் முகப்புப் பொத்தானுக்காக. சைகைகளால் இயக்கும் போன்களில் குழம்பும் வயதானவர்களுக்கு, எங்கே போனாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் முகப்புத் திரைக்குத் திரும்பலாம் என்ற தைரியம் சாதாரண வசதி அல்ல. ஆனால் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர் என்றால் 4.7 அங்குலத்தில் ஒரு திரைக்குச் சில வரிகள்தான் அடங்கும். அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எத்தனை நாள் ஓடும்? ஐபோன் எக்ஸ்எஸ் 2018-ல் வந்தது. 2025-ல் ஐபோன் இயங்குதளத்தின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 26 வந்தபோதுதான் அதைக் கழற்றிவிட்டார்கள். 13 மினிக்கு ஐஓஎஸ் 26 கிடைத்திருக்கிறது. அதே கணக்கு தொடர்ந்தால் 2028 வரை கவலை இல்லை. வாங்கும்போது செட்டிங்ஸில் பேட்டரியின் அதிகபட்சக் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 'ஜெனரல்' பிரிவில் 'அபவுட்' பக்கத்தில், மாற்றப்பட்ட பாகங்கள் இருந்தால் அவற்றின் விவரமும் வரும். பேட்டரி மாற்றும் செலவை முதலிலேயே விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் மாற்றத்தான் போகிறீர்கள். ஒருமுறை திறந்து மூடிய போனின் நீர்த் தடுப்பை மட்டும் நம்பாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் நிலைமை கடினம்

உடலமைப்பை மட்டும் பார்த்தால் ஆண்ட்ராய்டில் அருமையான சின்ன போன்கள் வந்திருக்கின்றன. கேலக்ஸி எஸ்10இ 150 கிராம், 69.9 மி.மீ. அகலம். 2020-ல் வந்த பிக்சல் 4ஏ 143 கிராம், 69.4 மி.மீ. அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 349 டாலர். சின்னது, மலிவு என்ற இரண்டையும் ஒரே போனில் இவ்வளவு நேர்மையாகத் தந்தவர்கள் குறைவு.

இன்று இந்த இரண்டையும் முதன்மை போனாக வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டுக்குமே பாதுகாப்பு அப்டேட்கள் 2023-லேயே நின்றுவிட்டன. வங்கிச் செயலி வைத்திருக்கும் போனில் அது சின்ன விஷயம் இல்லை. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் சில பிக்சல் 4ஏ போன்களின் பேட்டரிக் கொள்ளளவைக் குறைக்கும் அப்டேட் ஒன்றை கூகுள் தானாகவே இறக்கியது.

பழைய ஆண்ட்ராய்டில் மிச்சம் இருக்கும் நல்ல பெயர் அஸுஸ் ஸென்போன் 10. 68.1 மி.மீ. அகலம், 172 கிராம், 4,300 எம்ஏஎச் பேட்டரி, இயர்போன் துளைகூட உண்டு. 2023-ல் அறிமுகமானபோது நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்றார்கள், அதாவது 2027 வரை. மினியோடு நேராக வைத்துப் பார்த்தால் பேட்டரியில் ஸென்போன் தெளிவாக முந்துகிறது, எடையிலும் மிச்ச ஆயுளிலும் மினி. தேடினால்தான் கிடைக்கும் என்பது ஸென்போனின் இன்னொரு குறை. அதற்கு அடுத்து 2024-ல் வந்த ஸென்போன் 11 அல்ட்ராவின் திரை 6.78 அங்குலம். சின்ன போனுக்காகவே பெயர் வாங்கிய வரிசையில் சின்ன போன் அத்தோடு முடிந்தது.

அதனால் ஆண்ட்ராய்டுதான் வேண்டும் என்பவர்கள் 68 மி.மீ. ஆசையைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் பழைய கேலக்ஸி எஸ்24-ஐப் பார்க்கலாம். 70.6 மி.மீ., 167 கிராம், 2024-லிருந்து ஏழு ஆண்டு அப்டேட். புதிதாக எஸ்25 வாங்க அமெரிக்க அறிமுக விலை 799 டாலர். அது இன்னும் 5 கிராம் குறைவு, பேட்டரி அதே 4,000 எம்ஏஎச். அந்த 5 கிராமுக்காக முழு விலை கொடுக்கத் தேவையில்லை. நடுத்தர விலையில் பெயர் பெற்ற பிக்சல் 9ஏ 499 டாலருக்கு அறிமுகமானது, நல்ல போன்தான், ஆனால் 73.3 மி.மீ. அகலமும் 186 கிராமும் கொண்டதைச் சின்ன போன் என்று சொல்ல முடியாது.

மடிப்பு, மெலிவு, பொம்மை அளவு

மடிக்கும் போன்தான் தீர்வு என்று பலர் சொல்கிறார்கள். இது இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகக் குழப்புவது. பாக்கெட்டுக்குள் அடங்கவில்லை என்பது ஒன்று, கைக்குள் அடங்கவில்லை என்பது இன்னொன்று. கேலக்ஸி இசட் ஃபிளிப் 6-ஐ மடித்தால் உயரம் 85.1 மி.மீ. எந்தச் சட்டைப் பையிலும் நுழையும். திறந்தால் 165 மி.மீ. உயரம், 6.7 அங்குலத் திரை, 187 கிராம். அதாவது பயன்படுத்தும் நேரம் முழுக்க அது பெரிய போன்தான். வெளிப்பக்கத்து 3.4 அங்குலத் திரையில் அழைப்பு, செய்தி, பாட்டு என்று சில வேலைகள் முடியும் என்பது உண்மை. பெரிய திரையும் வேண்டும், சின்னப் பையும்தான் இருக்கிறது என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அறிமுக விலை 1,099 டாலர். மோட்டோரோலா ரேஸரின் 2024 அடிப்படை மாடல் 699 டாலருக்கு வந்து அந்தச் சுவரைக் கொஞ்சம் உடைத்தது. பழையதாக மட்டும் மடிப்பு போனை வாங்காதீர்கள். கீலும் உள்திரையும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, உள்திரை போனால் செலவு பெரிது.

ஐபோன் ஏர், எஸ்25 எட்ஜ் போன்ற மெல்லிய போன்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். முதலாவதன் திரை 6.5 அங்குலம், இரண்டாவதன் திரை 6.7. மெலிவு வேறு, சிறிது வேறு.

யூனிஹெர்ட்ஸ் ஜெல்லி ஸ்டார் நிஜமாகவே சின்னது: 3 அங்குலத் திரை, 49.6 மி.மீ. அகலம், 116 கிராம். 2023-ல் விலையும் 210 டாலர் வாக்கில்தான் இருந்தது. ஆனால் 18.7 மி.மீ. தடிமன், 2,000 எம்ஏஎச் பேட்டரி, விசைப்பலகையில் எழுத்துகள் கடுகளவு. தமிழில் தட்டச்சு செய்பவர் குரல்வழி உள்ளீட்டையே நம்ப வேண்டியிருக்கும். ஓட்டப்பயிற்சிக்குப் போகும்போது, போன் பழக்கத்தைக் குறைக்க நினைக்கும்போது, இரண்டாவது போனாகச் சரி.

யாரும் வாங்குவதில்லையா?

சின்ன போன்களுக்குச் சந்தை இல்லை, எதிர்பார்த்தபடி விற்காத மினியே அதற்குச் சாட்சி என்ற வாதம் ரொம்ப நாளாக ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020-ல் 12 மினியின் ஆரம்ப விலை 699 டாலர், ஐபோன் 12-ஐவிட 100 டாலர்தான் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில்தான் 399 டாலருக்கு 4.7 அங்குல எஸ்இ வந்திருந்தது. சின்னதும் மலிவும் தேடியவர்களில் பலர் அதை வாங்கி முடித்திருப்பார்கள். ஆக, சோதிக்கப்பட்டது முழு விலைச் சின்ன போன். மினியின் திரையும் எஸ்இ-யின் விலையும் ஒன்றாகச் சேர்ந்த போனை ஆப்பிள் ஒருநாளும் விற்றுப் பார்க்கவில்லை. 13 மினியை 2023 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் 599 டாலர் விலையில், 6.1 அங்குலத் திரையோடு ஐபோன் 16இ வந்தபோது எஸ்இ-யும் போனது.

ஆண்ட்ராய்டு பக்கம் பெப்பிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி 2022 மே மாதம் சின்ன போன் கேட்டு இணையத்தில் கையெழுத்து திரட்டினார். பல்லாயிரம் பேர் போட்டார்கள். அவர் கேட்டதும் உயர்தரச் சின்ன போனைத்தான். மலிவுச் சின்ன போனுக்காக அப்படிக் குரல் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. உடலைச் சுருக்கினால் கேமராவும் ஒலிபெருக்கியும் ஆன்டெனாவும் கூடவே சுருங்குவதில்லை, பேட்டரிதான் இடம் விட வேண்டும். சர்க்யூட் பலகையை நெருக்கி அடுக்குவதற்கும் சூட்டைக் கடத்துவதற்கும் கூடுதல் செலவாகும். பெரிய உடலில் எல்லாவற்றையும் தாராளமாகப் பரப்பலாம், அதனால்தான் மலிவு போன் பெரிதாக இருக்கிறது. ஒரே போனில் படம் பார்த்து, பாடம் படித்து, வேலையும் பார்க்கிறவர்களுக்குப் பெரிய திரை உண்மையான தேவை. அதைப் பறிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொன்றும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பேட்டரி என்ற காரணமும் இப்போது பலவீனமாகிவிட்டது. சிலிக்கான்-கார்பன் பேட்டரிகள் அதே இடத்தில் அதிக மின்சாரத்தை அடைக்கின்றன. 2025 ஏப்ரலில் சீனாவில் வந்த ஒன்பிளஸ் 13டி 6.32 அங்குலத் திரையோடு 6,260 எம்ஏஎச் தருகிறது. பல பெரிய போன்களிலேயே இன்னும் 5,000தான். இந்தப் பேட்டரியில் பாதியளவை 65 மி.மீ. அகல உடலில் வைத்தாலே 13 மினியைவிட அதிகம் வரும். உச்ச சிப் தேவையில்லை, மூன்று கேமரா தேவையில்லை. பிக்சல் 4ஏ விற்ற விலையில், ஐந்து வருட அப்டேட்டோடு அப்படி ஒரு போனை எந்த நிறுவனமாவது முதலில் விற்றுப் பார்க்கட்டும். வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.