ஐந்து சூப்பர்ஹீரோ புத்தகங்கள், மூன்று சுற்று வாசிப்புக்குப் பிறகு

சுமார் ஒரு வருடத்தில் அடுத்தடுத்து ஐந்து சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொகுப்புகள் வாங்கினேன். வாங்கிய சூட்டில் எழுதியிருந்தால் ஐந்துமே பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன், புதுத் தாள் வாசனைக்கே பாதி மயங்கிவிடுவோம் இல்லையா. அதனால் பொறுத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று தடவை படித்தாயிற்று. சென்னையின் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அந்தப் புத்தகங்கள் என் அலமாரியில் கழித்துவிட்டன. எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்ல இப்போது எனக்குத் தைரியம் இருக்கிறது.

வாங்கியவை: ஆல்-ஸ்டார் சூப்பர்மேன், பேட்மேன் கோர்ட் ஆஃப் அவுல்ஸ், வாட்ச்மென், அப்சொல்யூட் பேட்மேன் முதல் தொகுதி, புதிய அல்டிமேட் ஸ்பைடர்மேன் முதல் தொகுதி. இதில் அவுல்ஸும் வாட்ச்மெனும் அமெரிக்கப் பதிப்பகமான டிசி 2024-இல் தொடங்கிய காம்பாக்ட் என்கிற சிறிய அளவுப் பதிப்புகள்.

ஆல்-ஸ்டாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மனசெல்லாம் அதில்தான் இருக்கிறது. கிராண்ட் மாரிசன் எழுதி ஃப்ராங்க் குவைட்லி வரைந்து 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்த கதை. சூரியனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட விண்வெளிக் குழுவைக் காப்பாற்றப்போன சூப்பர்மேனின் உடல் தாங்க முடியாத அளவுக்கு வெயிலைக் குடித்துவிடுகிறது. அதுவரை அவனுக்குப் பலம் கொடுத்த அதே சூரியனால் இப்போது சாகப்போகிறான். மிச்சமிருக்கும் நாட்களில் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. அவன் பிறப்புக் கதையை முதல் பக்கத்தில் நான்கே கட்டங்களில், எட்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் இழுத்த கதை அது.

முதல் வாசிப்பில் எனக்குப் பிடித்தது பிரம்மாண்டமான விஷயங்கள். இரண்டாம் சுற்றில் கண்ணில் பட்டது கிளார்க் கென்ட், அதாவது நிருபர் வேடத்தில் இருக்கும் சூப்பர்மேன், நிற்கும் விதம். குவைட்லி வரையும் கிளார்க் தோளைத் தொங்கப்போட்டு, வயிற்றைத் தளர்த்தி, சட்டை கசங்கி, இடம் அடைத்துக்கொண்டு நிற்பான். அதே உடம்பு சூப்பர்மேனாக நிமிரும்போது வேறு ஆளாகிவிடுகிறது. கண்ணாடி போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதா என்று நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு இந்த முதுகுவளைவு ஒன்றே பதில். ஐந்தாவது அத்தியாயத்தில் சிறைக்குள் தன் பரம எதிரி லெக்ஸ் லூதரைப் பேட்டி எடுக்க கிளார்க் போகிறான். லூதர் பாட்டுக்குத் தன் பெருமையைப் பேசிக்கொண்டே போக, கிளார்க் தடுக்கி விழுவதுபோலவும் இடித்துக்கொள்வதுபோலவும் நடித்து அவன் உயிரையே திரும்பத் திரும்பக் காப்பாற்றுகிறான். லூதருக்குக் கடைசி வரை தெரியாது. படத்தை நிதானமாகப் பார்த்தால்தான் நமக்கும் தெரியும்.

அப்புறம் பத்தாவது அத்தியாயத்தில் அந்த ஒரு பக்கம். உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள், கைபேசியைக் கீழே விட்டுவிடுகிறாள், கண்ணை மூடுகிறாள். பின்னால் வந்து நிற்கும் சூப்பர்மேன், உன் டாக்டர் வேண்டுமென்றே உன்னைக் கைவிடவில்லை, அவருக்கு நிஜமாகவே தாமதமாகிவிட்டது என்கிற மாதிரி இரண்டு மூன்று வரி பேசுகிறான், பிறகு அணைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். மூன்றாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன், சில பக்கங்களுக்கு முன்பே அவன் காப்பாற்றும் ரயிலுக்குள் ஒருவர் கைபேசியில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார். அவர்தான் அந்த டாக்டர்! சாகப்போகிற ஒருவன் தன் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நாளில் இதையும் காதில் வாங்கியிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது அவனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன், ஒன்பது வயது. "மாமா, இந்த அக்கா இனிமே கீழ இறங்கி வந்துருவாங்கல்ல?" என்று கேட்டான். வந்துவிடுவாள் என்றேன். மறுபடி ஒருமுறை அந்தப் பக்கத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் புரட்டினான்.

அடுத்து இரண்டு பேட்மேன்களையும் சேர்த்தே பேச வேண்டும், இரண்டையும் எழுதியவர் ஸ்காட் ஸ்னைடர். கோர்ட் ஆஃப் அவுல்ஸ் 2011-இல் தொடங்கியது, வரைந்தவர் கிரெக் கபுல்லோ. இந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்பும் கோடீஸ்வரன் புரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாத பேட்மேன்), தன் ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பழைய பணக்காரக் குடும்பங்களின் ரகசியக் கூட்டம் ஒன்று ஆண்டுவருவதைக் கண்டுபிடிக்கிறான். பேட்மேன் கதையையே முதலிலிருந்து மாற்றி எழுதும் அப்சொல்யூட் பேட்மேன் 2024 அக்டோபரில் தொடங்கியது, ஓவியர் நிக் டிராகோட்டா. இதில் புரூஸுக்குப் பணமே கிடையாது. மாளிகை கிடையாது. அப்பா ஒரு பள்ளி ஆசிரியர், பள்ளியிலிருந்து போன சுற்றுலாவில் மிருகக்காட்சி சாலையில் சுட்டுக் கொல்லப்படுகிறார், அம்மா உயிரோடு இருக்கிறார், புரூஸ் சிவில் இன்ஜினியர்.

அப்சொல்யூட்டை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதவில் நுழைய முடியாத அளவுக்கு ஒரு பேட்மேன், மார்பில் இருக்கும் வவ்வால் சின்னத்தைப் பிடுங்கினால் அது கோடரி, முகமூடியின் காதுகளைக் கழற்றினால் கத்தி. சத்தம் அதிகம் என்று மூடி வைத்துவிட்டேன். பிறகு அவுல்ஸை இரண்டாம் சுற்று முடித்துவிட்டு உடனே இதை எடுத்தபோது விஷயம் பிடிபட்டது. பணம் உள்ள பேட்மேனுக்குக் குகையும் காரும் விமானமும் இருக்கின்றன, உடம்பில் எதையும் சுமக்க வேண்டியதில்லை. இவனுக்கு உடம்பும் உடுப்பும்தான் மொத்தச் சொத்து, அதனால் ஒவ்வொரு துண்டும் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். இன்ஜினியர் மூளை அது. இன்னொன்று, நமக்கு வில்லன்களாகத் தெரிந்த ஆஸ்வால்ட், எட்வர்ட், ஹார்வி, வேலன் எல்லாரும் இங்கே அவனுடைய பால்ய நண்பர்கள். அவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் பக்கங்களை முதல் தடவை சண்டைக்கு ஆசைப்பட்டு வேகமாகத் தள்ளிவிட்டேன். இவர்கள் யாராக மாறப்போகிறார்களோ என்கிற பயம் அந்தச் சிரிப்புக்கு அடியிலேயே இருக்கிறது. இப்போது எனக்குப் புத்தகத்தில் பிடித்ததே அந்தப் பக்கங்கள்தான். எரிச்சலில் தொடங்கி இவ்வளவு ஆசையில் முடிந்த காமிக்ஸ் எனக்கு வேறு இல்லை.

அவுல்ஸில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாவது அத்தியாயத்தில் பேட்மேன் பல நாளாகத் தண்ணீரும் தூக்கமும் இல்லாமல் பாதாளப் புதிர்வழியில் சுற்றுகிறான். அவன் புத்தி தடுமாறத் தடுமாற பக்கமும் பக்கவாட்டில் திரும்புகிறது, பிறகு தலைகீழாகிறது, நாம் புத்தகத்தைக் கையில் சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும். இதைத் தாம்பரம் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். காம்பாக்ட் அளவு 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம், ஒரு கையாலேயே திருப்பிவிடலாம். பெரிய அளவுத் தொகுப்பில் இந்தச் சுகம் கிடையாது. எதிர்ப்பக்கத்துக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அட்டையைக் காட்டச் சொன்னார்!

ஆனால் அதே அளவு வாட்ச்மெனுக்குச் சரிப்படவில்லை. கதையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986-87-இல் வந்தது, இன்றைக்கும் கல் மாதிரி நிற்கிறது. பிரச்சினை அளவில்தான். கிப்பன்ஸ் பெரும்பாலான பக்கங்களை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து வரைந்தவர், ஒவ்வொரு கட்டத்திலும் சுவரொட்டி, செய்தித்தாள் தலைப்பு என்று குட்டிக் குட்டித் தகவல்கள். வழக்கமான அமெரிக்க காமிக்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 6.6-க்கு 10.2 அங்குலம், அதைச் சுருக்கும்போது அந்தத் தகவல்கள்தான் முதலில் அடிபடுகின்றன. கடைசி அத்தியாயம் தவிர மற்ற அத்தியாயங்களின் முடிவில் வரும் உரைநடைப் பக்கங்களை ராத்திரி டியூப் லைட்டில் படித்தால் கண் வலிக்கிறது. முதல் தடவை வாட்ச்மென் படிக்கப்போகிறவர்கள் தயவுசெய்து பெரிய அளவில் வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

அல்டிமேட் ஸ்பைடர்மேன் எனக்கு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி. ஜொனாதன் ஹிக்மேன் எழுதி மார்கோ கெக்கெட்டோ வரைந்தது, 2024 ஜனவரியில் தொடங்கியது. இங்கே பீட்டர் பார்க்கர் பள்ளிக்கூடப் பையன் இல்லை, 35 வயதை ஒட்டியவன், மேரி ஜேனோடு கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். பென் பெரியப்பா உயிரோடு இருக்கிறார், மே பெரியம்மாதான் இல்லை. வாழ்க்கையில் எதுவோ குறைகிறது என்று மட்டும் தெரிகிற ஒருவனுக்கு, உன்னிடமிருந்து பறிக்கப்பட்டது இது, வேண்டுமா என்று கேட்டு சிலந்தி வருகிறது. முதல் இதழ் முழுக்க அவன் யோசிக்கிறான், கடைசியில்தான் கடிக்கவிடுகிறான். எனக்கும் அதே வயது, வீட்டில் ஒரு குழந்தை, அந்தத் தயக்கம் ஒவ்வொரு வரியும் புரிந்தது. ஒரு இதழ் ஏறக்குறைய முழுவதும் இரண்டு தம்பதிகள் உணவகத்தில் உட்கார்ந்து பேசுவதுதான், எனக்குச் சலிக்கவே இல்லை. குறை என்றால், முதல் தொகுதியில் ஆறு இதழ் போயும் பெரிய கதை மெதுவாகத்தான் நகர்கிறது. தொடர்ந்து வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

சரி, புத்தகங்களின் உடல்நிலை. இதில் ஒன்று அட்டைப்பெட்டி இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் வந்து மூலை மடங்கிப் போயிருந்தது. படம் எடுத்து அனுப்பியும் மாற்றித் தரவில்லை, அந்த மடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வயிறெரிகிறது. நவம்பர் மழையில் காம்பாக்ட் இரண்டின் அட்டைகளும் வெளிப்பக்கமாகச் சுருண்டுவிட்டன, கனமான அகராதிக்கு அடியில் பத்து நாள் வைத்த பிறகு ஓரளவு சரியானது. வழவழப்புத் தாள் கொண்ட பெரிய தொகுப்புகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கவே கூடாது, ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்பா சேர்த்துவைத்த பழைய இரும்புக்கை மாயாவி இதழ்களை ராமபாணப் பூச்சி தின்றதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான், அதனால் அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து விசிறிவிட்டு வைக்கிறேன். ஆல்-ஸ்டாரின் பைண்டிங் மட்டும் பத்தாவது அத்தியாயத்தில் லேசாக இளகிவிட்டது. மேசையில் வைத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில் விரிகிறது.

முதல் தடவை வாங்குகிறவர் என்றால் ஆல்-ஸ்டாரையும், பயணத்துக்கு காம்பாக்ட் அவுல்ஸையும் எடுங்கள். வாட்ச்மெனை நான் பெரிய அளவில் இன்னொரு தடவை வாங்கப்போகிறேன், காம்பாக்ட் பிரதியை அக்கா மகனுக்குப் பதினாறு வயதாகும்போது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். அப்சொல்யூட் பேட்மேன் இரண்டாம் தொகுதிக்கு ஆர்டர் போட்டாயிற்று. இந்தத் தடவை பெட்டியில் வைத்து அனுப்பும் கடையில்.