"ஒரே நாளில் பிருகு ஏரி" பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் கோடை விடுமுறைக்கு முன்பே ஒரு பிடிஎஃப் சுற்றும். இமாச்சலப் பிரதேசத்து மணாலி, அதற்கு மேலே மலையில் பிருகு ஏரி, "ஒரே நாள் ஈஸி வாக்", பச்சைப் புல்வெளி, பனி. கைடு, ஷூ, பெர்மிட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். இதை நம்பி ஜூன் முதல் வாரம் போன எட்டுப் பேர் ஏரியைப் பார்க்காமலே திரும்பினோம். விற்றவர் பெயர் வேண்டாம். அதே பிடிஎஃப் நாளைக்கு வேறு பெயரில் வரும்.

முதல் பொய் அந்த "ஒரே நாள்". ஏரி 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மணாலி சுமார் 2,050. நடை தொடங்கும் குலாபாவிலிருந்தே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நடுவில் ரோலா கோலியில் கூடாரம் போட்டு மூன்று, நான்கு நாள் எடுக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த திட்டத்தில் டெல்லியிலிருந்து வால்வோ பஸ்ஸில் இரவு முழுக்க உட்கார்ந்து வந்து, இறங்கிய அன்றைக்கே ஏற்றம். நம் பக்கம் மலை என்றால் சுவாமிமலை, அதுவும் 60 படி! ஏரிக்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். 2,500 மீட்டரைத் தாண்டினாலே மலைநோய் வரலாம். தினமும் வயலில் உழைக்கிற கட்டுமஸ்தான ஆளையும் அது விடாது. தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். "எலுமிச்சம்பழம் சப்புங்க, சரியாப்போகும்" என்று மேலே கூட்டிப்போகிறவன் கைடே இல்லை.

அடுத்தது கிளம்பும் நேரம். மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வாக்கில் அங்கே கீழ்ப்பகுதி பச்சை கட்டியிருக்கும், மேலே இன்னும் பனி கிடக்கும். இரவில் இறுகிய பனி விடியலில் நம் காலைத் தாங்கும்; வெயில் ஏறியதும் இளகும். எங்கள் வண்டி வந்ததே ஒன்பதரைக்கு. பனியைத் தொட்டபோது உச்சிவெயில். நடவுக்குச் சேறடித்த வயல் மாதிரி முழங்கால் வரை இறங்கியது. வயலில் அடியில் மண்ணாவது இருக்கும். இங்கே ஓடை ஓடும். பாறை ஓரமும் ஓடை மேலும் பனி உள்ளே கூடாகிக் கிடப்பதால் கம்பால் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு ஆலங்கட்டியும் இடியும் வருவது மலையில் சாதாரணம், ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. விடியலில் நடை, 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது: திட்டத்தில் இது இல்லையென்றால் வேண்டாம். அதற்காக விடியற்காலைப் பனி பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம், சரிவில் கண்ணாடி போல வழுக்கும். கைடு பூட்ஸால் உதைத்துப் படி வெட்டிக் கொடுக்க வேண்டும், அவர் கையில் ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி) இருக்க வேண்டும், உங்கள் ஷூவின் அடியில் வழுக்காத இரும்பு முள் மாட்டியிருக்க வேண்டும்.

"ஷூ" என்று எழுதியிருந்தது ரப்பர் கம்பூட். மணாலிக்கு மேலே சாலையோரம் நம்பர் போட்ட கடைகளில் வாடகைக்குக் கிடைப்பது. டிரைவர் தனக்குக் கமிஷன் உள்ள கடையில்தான் நிறுத்துவார். பனியில் நின்று போட்டோ எடுக்க அது போதும், நடக்க ஆகாது. கணுக்காலைப் பிடிக்காது, இறக்கத்தில் குதிகால் நழுவும், மேல்வாயில் புகுந்த பனி உருகி உள்ளேயே தங்கும். கணுக்கால் வரை உயர்ந்த, பழகிய ட்ரெக்கிங் ஷூவை ஊரிலிருந்தே போட்டுப் போங்கள். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. வாடகைக் கறுப்புக் கண்ணாடியையும் நம்பாதீர்கள்: புற ஊதாவைத் தடுக்காத கறுப்பு, கண்மணியை விரியவைத்துக் கெடுதலைக் கூட்டும். பனி வெளிச்சம் சுட்ட கண் அப்போது தெரியாது, ராத்திரிதான் மணல் கொட்டியது போல அறுக்கும். யுவி 400 என்று போட்ட, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள்.

பெர்மிட் என்று தலைக்குத் தலை வாங்கினார்கள். குலாபாவைத் தாண்டி ரோஹ்தாங் கணவாய்க்குப் போகும் அனுமதி வாகனத்துக்கு ஒன்று. குலாபாவில் இறங்கி நடக்கிறவர்களுக்கு அதை எதற்கு வாங்கினார்கள் என்று இன்றுவரை பதில் இல்லை.

முன்பணத்துக்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: கைடின் பெயரும் சுற்றுலாத் துறைப் பதிவு அட்டையும், கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும், மணாலியில் முழுதாக இரண்டு இரவு, நடக்க முடியாமல் போனால் எவ்வளவு திரும்பும் என்பது. அந்த இரண்டு நாளில் வசிஷ்ட்டிலிருந்து ஜோகினி அருவி வரை நடந்து பாருங்கள். அங்கேயே திணறுகிறவரை மேலே கூட்டிப்போக வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், மணாலிக்கு அலைய வேண்டாம். கெடு இரண்டு வருடம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பிடிஎஃப், ஜிபே ரசீது, கம்பூட் படம் மூன்றையும் அழிக்காதீர்கள். "வானிலை சரியில்லை" என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் சாக்கு. அதனால் வண்டி கிளம்பிய நேரமும் அப்போதைய வானமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.