ஊருக்குப் போன இடத்தில் லேப்டாப் படுத்தால்

ஜெர்மனியிலிருந்து லீவில் ஊருக்கு வந்த இடத்தில் என் லேப்டாப் பழுதாகி, சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்துவிட்டுப் போனார். மன்னார்குடிக்கெல்லாம் வீடு தேடி வந்து வாரண்டியில் லேப்டாப் சரிசெய்து தருவார்களா என்று முனிச்சில் இருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். தருகிறார்கள். காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் எப்போதாவது வருவோம் என்று சொல்லி நம் ஒரு நாளையே விழுங்கிவிடுகிற ஜெர்மனி ஆட்களோடு ஒப்பிட்டால், இங்கே வந்த பையன் எவ்வளவோ மேல். ஆனால் வந்தவர் வேலையை முடித்துவிட்டுப் போவாரா, இன்னொரு நாள் வருகிறேன் என்று போவாரா என்பது அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நடைமுறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கோளாறு ரொம்பச் சாதாரணமானது. டைப்-சி ஒயரைச் செருகினால் சார்ஜ் ஏறவில்லை. வீட்டில் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது பிளக்கை. அதுவும் நியாயம்தான், ஜெர்மனியின் தடித்த உருண்டைக் கால் பிளக் நம் 5 ஆம்ப் சாக்கெட்டில் பல சமயம் சரியாகப் பொருந்தாது, இடையில் ஒரு மாற்றுப் பிளக் போட்டால் பல சமயம் எர்த் கிடைக்காது, உலோக உடம்புள்ள லேப்டாப் என்றால் கை வைத்ததும் லேசாகச் சுருக்கென்று இழுக்கும். சித்தப்பா பையனின் லேப்டாப் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அதிலும் ஏறவில்லை. (போன் சார்ஜரை வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேகமாக ஏறும் என்று விளம்பரம் செய்யும் பல போன் சார்ஜர்கள் லேப்டாப் கேட்கிற 20 வோல்ட்டைத் தருவதே இல்லை.) ஆக, சார்ஜிங் பின் போய்விட்டது. என் மாடலில் அந்தப் பின்னை மதர்போர்டிலேயே சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள், அதனால் வாரண்டியில் பின்னை மட்டும் மாற்றுவதில்லை, போர்டையே மாற்றிவிடுவார்கள். பஜாரில் கொடுத்திருந்தால் சில நூறு ரூபாயில் வேறு பின் வைத்துத் தந்திருப்பார்கள், ஆனால் வெளி ஆள் கை வைத்த போர்டுக்கு அப்புறம் வாரண்டி கேட்டால் தகராறுதான்.

முதல் கேள்வி, ஜெர்மனியில் வாங்கியதற்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தப் பொருளுக்கும் 2 வருடச் சட்டப் பொறுப்பு உண்டே என்று பலர் தைரியமாக இருப்பார்கள், அது விற்ற கடையின் பொறுப்பு, முனிச் கடைக்காரர் மன்னார்குடிக்கு வரப்போவதில்லை. நமக்கு உதவுவது தயாரித்த கம்பெனி தனியாகக் கொடுக்கும் வாரண்டி மட்டும்தான். அதிலும் அலுவலக உபயோகத்துக்கென்று விற்கிற வரிசைகளுக்குப் பெரும்பாலும் பன்னாட்டு வாரண்டி இருக்கும், தள்ளுபடியில் வாங்குகிற வீட்டு உபயோக வரிசைகள் பல வாங்கிய நாட்டோடு சரி. சில கம்பெனிகள் வேறு நாட்டில் சர்வீஸ் கேட்டால் இயந்திரத்தின் பதிவை அந்த நாட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். இணையத்தில் ஒரு படிவம்தான், ஆனால் அது நகர்வதற்குள் லீவில் பாதி போய்விடும். நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே சீரியல் நம்பரைப் போட்டு, எந்த நாடுகளில் செல்லும், வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது. கீபோர்டு பற்றியும் ஒரு வார்த்தை: ஜெர்மன் எழுத்து வரிசை உள்ள கீபோர்டு இங்கே ஸ்டாக்கில் இருக்காது, கேட்டால் பெரும்பாலும் அமெரிக்க வரிசையைத்தான் போட்டுத் தருவார்கள். எனக்குக் கீபோர்டு போகாமல் சார்ஜிங் பின் போனது ஒருவகையில் அதிர்ஷ்டம்.

சார்ஜ் ஏறாத லேப்டாப்பில் மிச்சமிருக்கிற பேட்டரிதான் நம் சொத்து. அதை வைத்து யூடியூப் பார்க்கக் கூடாது. என் லேப்டாப்பில் பாதிக்கு மேல் இருந்தது. முதல் வேலையாக, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்தேன். இப்போது வருகிற விண்டோஸ் லேப்டாப்புகளில் மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தாலே பெரும்பாலும் டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டின் ரகசியம் மதர்போர்டில் இருக்கிறது. போர்டு மாறினால் விண்டோஸ் 48 இலக்கச் சாவியைக் கேட்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கிற அத்தனையும் போச்சு. சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், தாளில் எழுதி வைத்துவிடுங்கள், போனில் மட்டும் நம்பி வைக்க வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் போர்டை மாற்றும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் சாவி ஐடி பிரிவிடம்தான் இருக்கும், அவர்களிடம் கேட்காமல் யாருக்கும் திறந்து காட்டாதீர்கள்.

அப்புறம் காப்பி எடுப்பது. எல்லாவற்றையும் எடுக்க நேரமிருக்காது, எதை இழந்தால் தூக்கம் வராதோ அதை மட்டும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டேன். தகவலைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியது என்றால் போர்டு மாறினாலும் அதையே திரும்பப் போடுவார்கள், தகவல் அப்படியே இருக்கும். சில மெல்லிய லேப்டாப்புகளில் அதுவும் போர்டோடு சேர்ந்தது, பழைய போர்டோடு நம் கல்யாண ஆல்பமும் கம்பெனிக்குப் போய்விடும். மாடல் எண்ணைப் போட்டு இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மிஞ்சிய சார்ஜில், லேப்டாப்பை ஆன் செய்யும்போதே வருகிற பரிசோதனைத் திரையை ஓடவிட்டு அது காட்டிய எண்ணைப் போட்டோ எடுத்தேன், அடிப்பக்கச் சீரியல் நம்பரையும் மூடி, மூலைகள், திரை என்று நான்கு பக்கமும் எடுத்தேன். தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது, எறும்பு புகுந்தது இதெல்லாம் வாரண்டியில் வராது என்பதால், என் பொருள் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இந்தப் போட்டோதான் சாட்சி.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்த வேண்டாம். போலி நம்பர்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கின்றன, பதிவுக் கட்டணம் 10 ரூபாய் அனுப்புங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்று ஆரம்பித்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். நம்பரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். யாராவது ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. என் அழைப்பை எடுத்த பெண் நல்ல தமிழில் பேசினார், பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார், சார்ஜரை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்விகளைத் தாண்டாமல் ஆளை அனுப்ப மாட்டார்கள், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டால் சீக்கிரம் முடியும். ஜெர்மனி நம்பரை அவர்கள் படிவம் ஏற்காது, வருகிற பையனும் வெளிநாட்டு நம்பருக்கு அழைக்க மாட்டான். அம்மாவின் நம்பரையும் என் இந்திய நம்பரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வேலை நாளில் சர்வீஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து நாளைக்கே வருவார்கள் என்று நினைக்கக் கூடாது. பழுது இன்னது என்று அவர்கள் முடிவு செய்த பிறகு, பாகம் கையில் கிடைத்த பிறகு, அடுத்த வேலை நாள். சென்னையில் என் போர்டு இல்லை, பெங்களூரிலிருந்து வந்தது. நடுவில் பொங்கல் மாதிரி ஏதாவது வந்தால் கதை முடிந்தது. பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் தாமதம் ஆகும், தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப ஏகப்பட்ட கட்டுப்பாடு, பெரும்பாலும் லாரியில்தான் வரும்.

பாகத்தை கூரியர்காரர் நேராக வீட்டுக்குக் கொண்டு வந்தார். அம்மா கத்தரிக்கோலோடு வந்துவிட்டார், தடுத்துவிட்டேன். சீல் வைத்த பெட்டியைப் பிரிப்பது என்ஜினீயரின் வேலை, நாம் பிரித்திருந்தால் உள்ளே ஏதாவது குறைந்தால் நம் தலையில் விழும்.

அதற்குள் கரண்ட் விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும், என்ஜினீயர் சரியாக அன்றைக்கு வந்தால் போர்டைப் போட்டுவிட்டுச் சோதிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் எந்த நாள் என்று அம்மாவுக்கு மனப்பாடம். முகவரியையும் ஜெர்மனி மாதிரி தெரு, கதவு எண், 614001 என்று எழுதி நிறுத்தினால் போதாது. ஹரித்ராநதிக் குளத்தின் எந்தக் கரை, பக்கத்தில் என்ன கடை என்று எழுத வேண்டும். அந்தக் குளத்தைச் சுற்றி நான்கு கரையிலும் வீடுகள், தப்பான கரையில் நின்றுகொண்டு போன் செய்தால் அவருக்கும் கோபம், நமக்கும் கோபம்.

என்ஜினீயர் தஞ்சாவூரிலிருந்து வண்டியிலேயே வந்தார். "வடுவூர் தாண்டிட்டேன் சார், அரை மணி நேரத்துல வந்துடுவேன்." வந்தார். அடையாள அட்டையையும் கேஸ் நம்பரையும் (என் புகாரின் பதிவு எண்) கேட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர் கம்பெனி ஊழியர் இல்லை, சர்வீஸ் ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனத்தின் ஆள், இந்த வேலையில் பெரும்பாலும் அப்படித்தான்.

ஜன்னலோர மேசையைக் காலி செய்து வைத்திருந்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னார். "பழைய காலண்டர் அட்டை ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, லேப்டாப்பில் எந்த இடத்தில் கழற்றினாரோ அட்டையிலும் அதே இடத்தில் ஒவ்வொரு ஸ்குரூவையும் குத்தி நிறுத்தினார். கீல் பக்கத்தில் இருப்பவை நீளம், கைப்பக்கத்தில் இருப்பவை குட்டை, மாற்றிப் போட்டால் நீளமானது மேலே கீபோர்டைக் குத்திவிடும் என்றார். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். பிராசசர் மேல் தடவுகிற பேஸ்ட் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து புது சிரிஞ்சை எடுத்துக் காட்டிச் சிரித்தார். வேலை செய்துகொண்டே, டெல்டா பக்கம் லேப்டாப்புக்குள் எறும்பு, பல்லி முட்டை எல்லாம் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

முதல் தடவை ஆன் செய்ததும் திரை நெடுநேரம் கருப்பாகவே இருக்கும், புது போர்டு ராம் மெமரியைப் பழகிக்கொள்கிறது, பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். அதன் பிறகு பழைய சீரியல் நம்பரைப் புது போர்டில் ஏற்றினார். இதை அவர் செய்யாமல் போனால் அடுத்த முறை வாரண்டி கேட்கும்போது நம் லேப்டாப் யாருக்கும் தெரியாத லேப்டாப் ஆகிவிடும், திரையில் நீங்களே படித்துப் பாருங்கள். எதிர்பார்த்தபடி நீலத் திரை 48 இலக்கத்தைக் கேட்டது, தாளைப் பார்த்து நானே அடித்தேன். கடவுச்சொல்லை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அடுத்ததாக விரல்ரேகையும் பின் நம்பரும் வேலை செய்யாது, அவையும் பழைய போர்டோடு போய்விட்டன, மைக்ரோசாப்ட் கணக்கு வழியாகப் புதிதாகப் போட வேண்டும், அதற்கான குறியீடு ஜெர்மனி நம்பருக்கு எஸ்எம்எஸ் ஆக வரும். அந்த சிம்மைக் கழற்றி எங்கோ வைத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கையெழுத்துக்கு முன் அவசரப்படாதீர்கள். சார்ஜ் ஏறுகிறதா, வைஃபை, கேமரா, மைக், ஸ்பீக்கர், மூடினால் தூங்குகிறதா, ராம் அளவு பழையதுதானா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, எல்லாம் பார்க்கக் கால் மணி நேரம் போதும். வாரண்டியில் வருகிற பாகம் புதுப்பிக்கப்பட்டதாகவும் இருக்கலாம், வாரண்டி நிபந்தனைகளிலேயே இருக்கும், அதற்காகச் சண்டை போட முடியாது. பழைய போர்டை அவர் திரும்ப எடுத்துப் போக வேண்டும். கேஸை மூட உங்கள் போனுக்கு ஓடிபி வரும், எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும், வாசலில் நின்றபடியே கேட்டாலும் சொல்லக் கூடாது. வேலையை முடிக்காமலே மூடிவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

காசு எதுவும் வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து மதிப்பெண் கேட்டு அழைப்பு வந்தது. பாகம் தாமதமானதற்குக் கோபப்பட்டு அங்கே பத்துக்கு 5 என்று அழுத்தினால் அது அந்தத் தஞ்சாவூர்ப் பையனின் கணக்கில்தான் ஏறும், போர்டை ஸ்டாக் வைக்காத மேலிடத்துக்குப் போகாது. நான் அவருக்கு 10 கொடுத்துவிட்டு, தாமதம் பற்றித் தனியாக ஒரு மெயில் போட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.