ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ்: மனம் நிறைந்த சேவை, மூச்சை முட்டும் கடன்

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். விமானம் மேலெழுந்து, நீர்கொழும்புக் களப்பு ஜன்னலுக்குக் கீழே மறைந்து, இருக்கைப் பட்டி விளக்கு அணைந்த கையோடு, மயிற்பீலி வரைந்த சேலையுடுத்த பணிப்பெண்கள் உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் குறுகிய நேரத்துக்குள் விமானம் நிறைந்த கூட்டத்துக்கும் உணவு கொடுத்து, தேநீர் ஊற்றி, தட்டுகளைத் திரும்ப எடுத்து, தரையிறங்குவதற்கு முன் நடைவழியைத் துப்புரவாக்கி முடிப்பது எளிய காரியம் அன்று. கடைசியாக நான் போனபோது, பக்கத்து இருக்கையில் மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கத் தியாகராய நகருக்குப் புறப்பட்ட ஓர் அம்மா இருந்தார். அது அவருடைய முதல் விமானப் பயணம். இருக்கைப் பட்டியை மாட்டத் தெரியாமல் அவர் தடுமாறியபோது, பணிப்பெண் குனிந்து, "இப்படி அழுத்துங்கோ அம்மா" என்று தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். இலங்கையின் தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் உபசாரத்தைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது இப்படியான காட்சிகளே.

வருடத்தில் மூன்று நான்கு தடவை சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் ஒருவன் என்ற முறையில், விமானத்துக்குள் கிடைக்கும் உபசாரத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் ஒரு விமான சேவையை இருக்கையையும் உணவையும் மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. குறித்த நேரத்தில் விமானம் வருமா, அடுத்த வருடமும் அந்த வழித்தடம் இருக்குமா என்பதும் நாம் வாங்கும் பயணச்சீட்டில் அடங்கிய விடயங்கள்தான். அவற்றைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் வேதனைதான் மிஞ்சுகிறது.

1947இல் தொடங்கிய எயார் சிலோன் மூடப்பட்ட பின், 1979இல் எயார் லங்கா என்ற பெயரில் இந்நிறுவனம் பிறந்தது. 1998இல் துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் இதன் பங்குகளில் ஒரு பகுதியை வாங்கி, பத்து வருட ஒப்பந்தத்தில் நிர்வாகத்தையும் ஏற்றது. இன்றைய பெயரும் அந்தக் காலத்தில் வந்ததே. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மீது நடந்த தாக்குதலில் தன் விமானங்கள் பலவற்றை இழந்த பிறகும் நிறுவனம் மீண்டெழுந்தது. அதை வீழ்த்தியது வேறொரு சம்பவம். 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் குழுவினருக்கு இடம் கொடுப்பதற்காக, பணம் செலுத்திய பயணிகளை இறக்கிவிட நிர்வாகம் மறுத்தது. அதைத் தொடர்ந்து, எமிரேட்ஸ் சார்பில் தலைமை நிர்வாகியாக இருந்த பீற்றர் ஹில்லின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச் மாத இறுதியில் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. அதன் பங்குகளை 2010இல் அரசாங்கம் 53 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. பயணச்சீட்டு வாங்கியவருக்கே இருக்கை என்ற அடிப்படை நியாயத்துக்காக ஒரு நிர்வாகி பதவியை இழந்தார் என்பதை ஒரு பயணியாக என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு நட்டக் கணக்கு வருடத்துக்கு வருடம் ஏறியது. 2013இல் நாட்டின் தெற்கே மத்தளையில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபோது, வணிக ரீதியாகப் பயணிகள் இருக்கிறார்களா என்று பாராமல் அங்கும் விமானங்கள் அனுப்பப்பட்டு, 2015 ஜனவரியில் அச்சேவை நிறுத்தப்பட்டது. 2007இல் அரசாங்கம் தொடங்கிய மலிவுக் கட்டண நிறுவனமான மிஹின் லங்காவும் நட்டத்தில் மூழ்கி, 2016இல் இதன் தலையிலேயே வந்து விழுந்தது. நீண்ட தூரப் பயணத்துக்கென எயார்பஸ் நிறுவனத்திடம் 2013இல் கொடுக்கப்பட்ட கட்டளையில் ஏ350 இரக விமானங்களும் இருந்தன. அவற்றுக்கு மேல் குத்தகைக்கு எடுக்க ஒப்புக்கொண்ட ஏ350 விமானங்களைப் பின்னர் வேண்டாம் என்று பெருந்தொகை நட்டஈடு கொடுத்து விலக நேர்ந்தது. அந்தக் கொள்வனவை ஒட்டி நடந்த இலஞ்ச விவகாரம், 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரித்தானிய நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின் ஆவணங்களில் வெளிவந்தது. பறக்காத விமானத்துக்கும் பணம் கட்டிய நிறுவனம் இது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, ஏற்கனவே தள்ளாடியவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதற்கு ஒப்பானது. விமானக் குத்தகை, எரிபொருள், உதிரிப்பாகம், இயந்திரப் பராமரிப்பு எல்லாமே டொலரில் கட்டவேண்டியவை. டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 300 ரூபாவை நோக்கிப் பாய்ந்தபோது, 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் நட்டம் 160 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அந்நாட்களில் கட்டுநாயக்கவில் விமான எரிபொருளே தட்டுப்பாடாக இருந்ததால், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரம், கொச்சி, சென்னை ஆகிய இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அரச உத்தரவாதத்துடன் பெற்ற 175 மில்லியன் டொலர் கடன் பத்திரமும் அந்த நெருக்கடியில் அகப்பட்டு, 2024 ஜூனில் முதிர்ந்தபோது திருப்பிச் செலுத்தப்படவில்லை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றுக்கும் பாக்கி இருந்தது. இவை மூன்றும் பொதுமக்களின் பணத்தில் நிற்கும் நிறுவனங்கள். வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காத ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் இந்த நட்டத்தில் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடனுக்கும் பயணியின் அனுபவத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான். பணமில்லாத நிறுவனம் உபரி விமானம் வைத்திருக்க முடியாது. இருபதைச் சுற்றிய எண்ணிக்கையில் விமானங்களை வைத்து, ஒரே விமானத்தைக் காலையில் ஒரு நகரத்துக்கும் மாலையில் இன்னொரு நகரத்துக்கும் அனுப்பும்போது, ஓர் இயந்திரம் பழுதானால் அன்றைய அட்டவணை முழுவதும் சரிந்துவிடும். பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் இப்படி ஒரு தொடர் தாமதத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எந்த நிறுவனம் என்பது இங்கே அவசியமில்லை. விளக்கம் சொல்ல ஒருவருமில்லாத வாயிலில் ஏழு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு மரணச் சடங்குக்குப் போய்ச்சேர முடியாமற் போனது. அன்றிலிருந்து, கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு நிறுவனத்திடம் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

எதிரே நிற்கும் போட்டியாளர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் இண்டிகோ 2023 ஜூனில் ஒரே தடவையில் 500 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தது. 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்தின் கைக்குத் திரும்பிய எயார் இந்தியா, அடுத்த வருடம் 470 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தது. வளைகுடா நிறுவனங்களோடு ஐரோப்பியத் தடங்களில் விலைக்கு விலை மோதுவது இயலாத காரியம் என்பதால், 2016இல் பாரிஸ், பிராங்க்பேர்ட் சேவைகளை ஸ்ரீலங்கன் நிறுத்த நேர்ந்தது. உள்நாட்டிலேயே, சரக்கு விமானங்களை ஓட்டிவந்த ஃபிட்ஸ்எயார் 2022 முதல் சர்வதேசப் பயணிகள் சேவையிலும் இறங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோ பறக்கிறது. வடக்கில் இருப்பவர் இனிக் கட்டுநாயக்க வரை இரவு முழுவதும் பேருந்தில் வரத் தேவையில்லை. அந்தச் சந்தை தேசிய விமான சேவையின் கண் முன்னாலேயே கைநழுவிப் போனதை நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

2023இல் ஸ்ரீலங்கன் விற்பனைக்கு விடப்பட்டபோது ஆறு தரப்பினர் விண்ணப்பித்தும் எதுவும் கைகூடவில்லை. 2024 இறுதியில் புதிய அரசாங்கம் விற்பனை எண்ணத்தைக் கைவிட்டு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 20 பில்லியன் ரூபாவை ஒதுக்கியது. அரசிடம் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய கடனைத் தனியே பிரித்து வைக்காமல் வருடாவருடம் பணம் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. எயார் இந்தியாவின் பெரும் கடனை இந்திய அரசு தன் பொறுப்பில் எடுத்த பிறகே 18,000 கோடி இந்திய ரூபா மதிப்பில் அந்த விற்பனை கைகூடியது. இங்கும் முதற்படி அதுவாகவே இருக்க வேண்டும். இரண்டாவது படி, நிறுவனம் தன் பலத்தை அறிந்து நடப்பது. சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், மாலைதீவு என்று ஒன்றிரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு நேரத்துக்கு ஓடி, அங்கிருந்து வரும் பயணிகளைக் கொழும்பு வழியாக மெல்பேர்ணுக்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் ஏற்றிச் செல்வதே அதற்குப் பொருந்திய தொழில். 2014 முதல் ஒன்வேர்ல்ட் என்ற சர்வதேச விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், தான் பறக்காத ஊர்களுக்கும் ஒரே பயணச்சீட்டில் ஆளனுப்பும் வசதி அதனிடம் ஏற்கனவே உண்டு.

இப்போது பயணச்சீட்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொழும்பிலிருந்து தமிழகத்துக்கு நேரே போவதென்றால், விலையில் சிறு வித்தியாசம் இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள், வயதான பெற்றோரைத் தனியே அனுப்புவதென்றால் இன்னும் தயங்க வேண்டாம். கொழும்பில் இறங்கி வேறு விமானம் மாறுபவர்கள் இரண்டு பயணங்களையும் ஒரே பயணச்சீட்டாகவே எடுங்கள். இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் விடுங்கள். தைப்பொங்கலுக்குத் திருச்சி போகும் என் குடும்பத்துக்கும் இதிலேயே இடம் பதிவு செய்திருக்கிறேன். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச்சேரும்படி நாளைக் குறித்துக்கொண்டேன்.